கேட்காதவர்களுக்கு ஏது மன்னிப்பு?

‘பரியேறும் பெருமாள்’ 2018 செப்டம்பரில் வெளிவந்தபோது அதைப் பாராட்டாத ஆளே இல்லை. நாம் பாராட்டினோம், அது இயல்பு. மாரி செல்வராஜ் நம் வாழ்க்கையை நம் கண்ணால் பார்த்து எடுத்திருந்தார். பா. இரஞ்சித் துணிந்து தயாரித்திருந்தார். ஆனால் ஆயுசுக்கும் சேரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் சேர்ந்து கைதட்டினார்களே, அவர்கள் கைதட்டியது எதற்கு? இந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஆண்டுகள் போன பிறகும் அதன் சூடு ஆறவில்லை, அதனால் இப்போது கேட்போம்.

அவர்கள் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். பையன் திருப்பி வெட்டல. வன்மம் இல்லாத படம். எவ்வளவு பக்குவம், எவ்வளவு பெருந்தன்மை. அதாவது பரியன் வாங்கிய அடியைப் பற்றி அவர்களுக்குப் பெரிதாகப் பேச எதுவுமில்லை. அவன் திருப்பித் தராமல் போனதைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

அம்பத்தூர் ராக்கி தியேட்டரில் படம் பார்த்துவிட்டு சி.டி.எச். ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு நண்பரும் இதையே சொன்னார். நல்ல மனிதர், நம்ம ஆள் இல்லை.

“விட்டுட்டான் பாருங்கண்ணே, அவன்தான் மனுஷன். மன்னிச்சிட்டான்.”

“பொண்ணோட அப்பா மன்னிப்புக் கேட்டாரா தம்பி?”

யோசித்தார். “கேக்கல. ஆனா வருத்தப்பட்டாருல்ல?”

“கேக்காதவருக்கு இவன் என்னத்தக் குடுத்தான்?”

பதில் வரவில்லை, டீதான் ஆறிப்போச்சு. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்காமலே கிடைத்துவிடும் ஒன்றாக மன்னிப்பைப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது, அது யாருக்கு வசதி என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

*

மன்னிப்பு என்றதும் படித்தவர்கள் உடனே தென்னாப்பிரிக்காவைக் காட்டுவார்கள். மண்டேலாவைப் பார், டூட்டூவைப் பார், அவர்கள் மன்னிக்கவில்லையா என்பார்கள். 2009-ல் வந்த ‘இன்விக்டஸ்’ படத்தில் மண்டேலா வெள்ளையரின் ரக்பி ஆட்டத்தைத் தன் ஆட்டமாக்கிக்கொள்வார். ரோலண்ட் ஜோஃபே இயக்கி 2017-ல் வந்த ‘தி ஃபர்கிவன்’ படத்தில் ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டூ சிறைக்குள் போய் ஒரு நிறவெறிக் கொலைகாரனோடு உட்கார்ந்து பேசுவார். டூட்டூவாக ஃபாரஸ்ட் விட்டேக்கர். எதிரே உட்கார்ந்திருக்கும் கைதியாக எரிக் பானா. அந்தக் கைதி கற்பனைப் பாத்திரம், டூட்டூவும் ஆணையமும் நிஜம். மகளுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் ஒரு தாய் அந்தப் படத்தில் அலைகிறாள். அவளுக்கு முதலில் வேண்டியது பழியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. என் பிள்ளையை என்ன செய்தீர்கள், எங்கே போட்டீர்கள், அதைச் சொல்லுங்கள் என்பதுதான்.

இந்த இடத்தைத்தான் நம்ம ஊர் உபதேசிகள் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மன்னிப்பு இனாமாகக் கிடைக்கவில்லை. 1995-ல் சட்டம் போட்டார்கள். 1996 ஏப்ரலில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. குற்றம் செய்தவர் பொதுமன்னிப்பு வேண்டுமென்றால் தன் பெயரில் தானே மனுப் போட வேண்டும். கட்சிக்கும் படைக்கும் மொத்தமாக மன்னிப்பு என்ற பேச்சே கிடையாது. செய்ததை முழுக்கச் சொல்ல வேண்டும், ஒளிக்கக் கூடாது. அரசியல் நோக்கத்தில் செய்தது என்று காட்ட வேண்டும். எல்லாம் பொது விசாரணையில், வானொலியும் தொலைக்காட்சியும் நாட்டுக்கே எடுத்துச் சொல்லும்படி. மனுப் போட்டவர்கள் 7,112 பேர். பொதுமன்னிப்புப் பெற்றவர்கள் 849 பேர். எட்டில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

1997-ல் கேப்டவுனில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெஃப்ரி பென்சியன் என்ற போலீஸ்காரன், கைதிகளின் தலையில் ஈரத்துணிப் பையை மாட்டி மூச்சை முட்டவைத்துச் சித்திரவதை செய்தவன். அவனிடம் வதைபட்ட டோனி யெங்கெனி ஆணையத்தின் முன் எழுந்து நின்று அவனையே கேள்வி கேட்டார். எப்படிச் செய்தாய், இங்கே செய்து காட்டு என்றார். தரையில் ஒரு ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் ஏறி உட்கார்ந்து, அந்தப் போலீஸ்காரன் செய்து காட்டினான். நாடே பார்த்தது. பிறகு அவனுக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் அங்கே சண்டை போடுகிறார்கள். ஆனால் அடிபட்டவன் நின்று கேட்க, அடித்தவன் பதில் சொல்லும் நிலை வந்ததே, அதைக் கவனியுங்கள். நம் ஊரில் எந்தத் தாலுகா ஆபீசில் அப்படி ஒரு நாள் விடிந்திருக்கிறது?

அதற்காக அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பாட்டுப் பாட வரவில்லை. ஸ்டீவ் பிகோவை 1977-ல் காவலில் வைத்துக் கொன்ற போலீஸ்காரர்கள் ஆணையத்திடம் வந்தும், கைகலப்பில் நேர்ந்த விபத்து என்றே சாதித்தார்கள். 1999-ல் அவர்களுக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது. ஆனால் சிறைக்கும் அனுப்பவில்லை. பிகோவின் குடும்பம் இந்தப் பொதுமன்னிப்பே வேண்டாம், எங்களுக்கு நீதிமன்றம் வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போய் 1996-ல் தோற்றது. முன்னாள் அதிபர் போத்தா ஆணையத்தின் அழைப்பாணையைக் காலில் போட்டு மிதித்தார். 1998-ல் தண்டிக்கப்பட்டு மேல்முறையீட்டில் தப்பினார். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் வருஷா வருஷம் ஈட்டுத்தொகை தரச் சொன்னது ஆணையம். அரசு கடைசியில் 2003-ல் ஒரே தடவையாகத் தலைக்கு 30,000 ராண்ட் என்று முடித்துக்கொண்டது. 1985-ல் கொல்லப்பட்ட கிரேடாக் நால்வரின் குடும்பங்கள் 2025 ஜூனில் மறுபடியும் மரண விசாரணைக்கு வந்து உட்கார்ந்தன. நாற்பது வருஷம். நிலம் பெரும்பாலும் இருந்தவர்களிடமே இருந்தது. மன்னித்தவர்கள் தகரக் கொட்டகையிலும் மன்னிக்கப்பட்டவர்கள் தோட்டத்து வீட்டிலும் இருந்தால் அதற்குப் பெயர் நல்லிணக்கமா என்று அங்குள்ள இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆக, தென்னாப்பிரிக்காவை எங்களுக்குப் பாடமாகக் காட்டுபவர்கள் பாடத்தை முழுசாக நடத்த வேண்டும். முதலில் அங்கே நிறவெறிச் சட்டம் ஒழிந்தது, ஓட்டு வந்தது, அதிகாரம் கைமாறியது. அதற்குப் பிறகுதான் மன்னிப்பு பேசப்பட்டது. இங்கே அதிகாரம் அங்குலம் நகரவில்லை, மன்னிப்பை மட்டும் முன்பணமாகக் கேட்கிறார்கள்.

*

நம்மிடமும் ஒரு நல்லிணக்க ஆணையம் உண்டு. அதற்கு அமைதிக் கூட்டம் என்று பெயர். ஆர்.டி.ஓ. அல்லது தாசில்தார் தலைமை, டி.எஸ்.பி. பக்கத்தில். சேரி கொளுத்தப்பட்ட மறுவாரம் கூடும். அது எப்படி நடக்கும் என்று கிராமத்துத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

முதல் வேலை எதிர்வழக்கு. நம் ஆட்கள் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, நம் ஆட்கள் அடித்ததாக இன்னொரு புகார் ஸ்டேஷனில் பதிவாகும். அடித்தவன் ஒரு கட்சி, அடிவாங்கியவன் ஒரு கட்சி என்று அப்போதே சமமாகிவிடும். சாதி விஷயத்தில் நமக்குச் சமத்துவம் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். அடுத்தது வயிறு. வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், கடையில் சாமான் தர மாட்டார்கள், வயல் வரப்பில் நடக்க விட மாட்டார்கள். பதினைந்து நாளில் சேரி தளர்ந்துவிடும். அப்புறம்தான் கூட்டம். “ஒரே ஊர்ல இருக்கீங்க, நாளைக்கு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கணும், சமாதானமாப் போங்கப்பா” என்பார் அதிகாரி. ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடும். அதன்பிறகு நீதிமன்றத்தில் நம் சாட்சியே எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழும்.

இந்தக் கூட்டத்தில் யாராவது, ஆமாம் நான்தான் கொளுத்தினேன், இன்னார் சொல்லிக் கொளுத்தினேன் என்று எழுந்து சொன்னதுண்டா? உண்மையைச் சொல்லுங்கள் என்று எந்த அதிகாரியாவது கேட்டதுண்டா? கூட்டமே உண்மை வெளியே வராமல் இருப்பதற்காகக் கூட்டப்படுவதுதானே! 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். சமாதானமாகப் போ என்று அதில் ஒரு பிரிவு கிடையாது. கடமையைச் செய்யாத அதிகாரியைத் தண்டிக்க நான்காவது பிரிவு உண்டு. அந்தப் பிரிவை எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

உண்மையை வெளியே கொண்டுவரும் அரசின் திறமைக்கு வேங்கைவயல் சாட்சி. 2022 டிசம்பரில் அங்கே நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரிய வந்தது. ரெண்டு வருஷம் துப்பறிந்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை வைத்தது. குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரும் அந்தத் தண்ணீரைக் குடித்த சாதியைச் சேர்ந்தவர்கள். இனி யார் யாரை மன்னிப்பது, சொல்லுங்கள்.

*

மேலவளவுக்கு வருவோம். அங்கே மன்னிப்பை அரசே கொடுத்தது.

ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது 1996-ல். அந்த நாற்காலியில் நம் ஆள் உட்காரக் கூடாது என்றார்கள். மனுப் போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. அதையெல்லாம் மீறி முருகேசன் நின்றார், வென்றார். 1997 ஜூன் 30. எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து முருகேசனையும், துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்து எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டார்கள். தலைவர் என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்த பதில் அது.

2001-ல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நம் வரலாற்றில் இது சின்ன விஷயமில்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த வழக்கில், கீழ்க்கோர்ட்டு கொடுத்த தண்டனையை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்து பண்ணையார்களை விடுவித்தது. வெண்மணியில் மன்னிக்கக்கூட ஆளில்லை, ஏனென்றால் சட்டத்தின் கணக்கில் யாருமே கொளுத்தவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் 17 பேருக்கு ஆயுள் கிடைத்தபோது, சரி, ஒரு கதவு திறந்தது என்று நினைத்தோம்.

பிறகு நடந்தது என்ன? 2008-ல் அண்ணா நூற்றாண்டு வந்தது, மூன்று பேர் வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காரணம் காட்டி 13 பேர் வெளியே வந்தார்கள். அண்ணா ஆட்சி நடந்தபோதுதான் வெண்மணி எரிந்தது. அவர் பிறந்து நூறாண்டு ஆனதற்கும் முருகேசன் கொலைக்கும் என்ன சம்பந்தம்? எம்.ஜி.ஆர். பிறந்ததற்கும் மூக்கன் செத்ததற்கும் என்ன கணக்கு? ஒரு கட்சியின் ஆட்சி மூன்று பேரை விட்டது, இன்னொரு கட்சியின் ஆட்சி பதின்மூன்று பேரை விட்டது. இந்த ஒரு விஷயத்தில் ரெண்டு கட்சிக்கும் சண்டையே இல்லை.

ஆயுள் கைதிகளுக்கு முன்விடுதலையே கூடாது என்பதல்ல என் வாதம். சிறையில் அதிகமாகக் கிடப்பது நம் ஆட்களும் முஸ்லிம்களும்தான் என்பதை நாம் அறிவோம். தூக்குக் கயிற்றையும் முடிவில்லாச் சிறையையும் கொண்டாடும் கூட்டம் நாமில்லை. நான் கேட்பது வேறு. கேப்டவுனில் பென்சியன் செய்து காட்ட வேண்டியிருந்தது. மேலூரில் யார் என்ன சொல்ல வேண்டியிருந்தது? வெட்டியது உண்மை, நாற்காலிக்காக வெட்டினோம், சாதிக்காக வெட்டினோம், இன்னார் தூண்டினார்கள் என்று ஊர் நடுவில் சொல்லச் சொல்லி ஒரு நிபந்தனை உண்டா? நன்னடத்தை என்றார்கள். நன்னடத்தை சிறை அதிகாரியிடம் காட்டியது. விதவைகளிடம் காட்டியதா?

மன்னிக்கும் உரிமை அடிபட்டவருக்கு மட்டுமே சொந்தம். செத்துப்போனவர் சார்பில் அவர் குடும்பம்கூடப் பாதிதான் மன்னிக்க முடியும். அதை அரசு எடுத்து, தலைவர்களின் பிறந்தநாள் மிட்டாயாக விநியோகித்தால் அதற்குப் பெயர் கருணை அல்ல. ஓட்டுக் கணக்கு.

*

திருமுல்லைவாயிலில் குடியிருப்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயில் தலபுராணம் எல்லாருக்கும் தெரியும். தொண்டைமான் குறும்பர்கள் மேல் படையெடுத்து வந்தான். யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்கியது. வாளால் கொடியை வெட்டினான். கொடிக்குள் இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்து ரத்தம் பெருகியது. ஐயோ பாவம் செய்தேனே என்று மன்னன் தன் கழுத்தையே அறுக்கப் போனான். ஈசன் வந்து தடுத்து மன்னித்தார். மன்னித்ததோடு விடவில்லை, குறும்பரை ஒழிக்கத் துணைக்கு நந்தியையும் அனுப்பினார். அதனால்தான் இங்கே நந்தி சாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வெட்டுக்காயம் ஆறுவதற்காக லிங்கத்துக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு. சித்திரை சதயத்தில் மாற்றுவார்கள். கருவறை முன்னால் நிற்கும் ரெண்டு எருக்கந்தூண்கள் தோற்ற குறும்பர் கோட்டையிலிருந்து பெயர்த்து வந்தவை.

இந்தக் கதையை மறுபக்கத்திலிருந்து படியுங்கள். மன்னன் தெரியாமல் செய்த ஒரு வெட்டுக்கு உயிரையே விடத் துணிகிறான், தெய்வம் இறங்கி வருகிறது. அவன் தெரிந்தே செய்த வெட்டுகளுக்கு, கோட்டை இழந்த குறும்பருக்கு, யார் வருந்தினார்கள்? அவர்களுக்குச் சந்தனம் பூசியது யார்? மன்னிப்புக் கேட்டதும் மேலே, கொடுத்ததும் மேலே. செத்தவர்கள் அந்தப் பேச்சுவார்த்தையிலேயே இல்லை. அவர்கள் வீட்டுத் தூண் மட்டும் கோயிலில் நிற்கிறது, சாட்சி சொல்லக் கூப்பிடாத சாட்சியாக.

புராணத்தில் வரும் முறைதான் இன்றைய அரசாணையிலும். தலைவர்களும் தலைவர்களின் சிலைகளும் தங்களுக்குள் மன்னித்துக்கொள்கிறார்கள்.

*

சரி, இது நகரம், இங்கே சாதி ஏது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல் வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் நம் சனம் வந்து லேத்து ஓட்டி, வெல்டிங் வைத்து, இந்தப் புறநகரைக் கட்டியது. கம்பெனியில் எந்திரத்துக்குச் சாதி தெரியாது. ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போனால் தெரியும். நான் தேடியபோது ஒரு வீட்டுக்காரம்மா அட்வான்ஸ் தொகை எல்லாம் பேசி முடித்துவிட்டு, “நீங்க எந்த ஊருப் பக்கம், யாரு வகையறா?” என்று கேட்டார். சொன்னேன். வீட்டை மகனுக்கே வைத்துக்கொள்வதாக மறுநாள் புரோக்கரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். இதற்கு எந்த ஸ்டேஷனில் புகார் எழுத? அவர் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினார், மோர்கூடக் கொடுத்தார்.

இங்கே காலனி என்றால் பேங்க் காலனி, ஆபீசர்ஸ் காலனி, கௌரவம். ஊரில் காலனி என்றால் சேரி. ஒரே சொல், ரெண்டு டம்ளர். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லது. சொல்லைப் பெயர்த்த கையோடு சுடுகாட்டுப் பாதையையும் பெயர்த்துப் பொதுவில் வைத்தால் இன்னும் நல்லது.

தென்னாப்பிரிக்க வெள்ளையன் முட்டாள். 1949-ல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம் என்று எழுதிவைத்தான். 1950-ல் யார் எங்கே குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டான். எழுதிவைத்ததால் உலகம் படித்தது, காறித் துப்பியது. எழுதியதால் ஒருநாள் ரத்தும் செய்ய முடிந்தது. கலப்புத் திருமணத் தடை 1985-லேயே போயிற்று. நம்ம ஊர்க்காரன் கெட்டிக்காரன், எதையும் எழுதமாட்டான். எழுதினது எல்லாம் சமத்துவம், 17-ஆவது பிரிவு. எழுதாதது எல்லாம் தண்டவாளத்தில் கிடக்கும். 2013-ல் தருமபுரி இளவரசன் கிடந்தது தண்டவாளத்தில், 2015-ல் கோகுல்ராஜ் கிடந்தது தண்டவாளத்தில். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவினை நடுத்தெருவிலேயே வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான், அந்த அக்டோபரில், ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓர் ஆணையம் அறிவிக்கப்பட்டது.

நிறவெறியைக் கண்டித்து 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை முறித்த நாடு இந்தியா. அதே இந்தியா 2001-ல் டர்பன் மாநாட்டில் சாதியைப் பற்றிப் பேசவே கூடாது என்று நின்றது. டர்பன் இருப்பது தென்னாப்பிரிக்காவில்தான்! 2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் தீண்டாமைக்கு இணை நிறவெறி ஒன்றுதான் என்று டெல்லியில் பேசினார். பேசினார், அவ்வளவுதான்.

*

இப்போது படத்துக்குத் திரும்பலாம். நான் அதை மன்னிப்பின் படமாகப் பார்க்கவில்லை. அப்படிப் பார்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

யோசித்துப் பாருங்கள். ஜோவின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன பரியனை அறைக்குள் பூட்டி அடித்து, மேலே சிறுநீர் கழிக்கிறார்கள். ஜோவுக்கு அது தெரியாது. அவன் சொல்லவில்லை. கூலி வாங்காமல், குலசாமிக்குச் செய்யும் கடமையாகக் கொலை செய்துகொண்டே போகிற ஒரு கிழவர் அவனையும் தண்டவாளத்தில் போடப் பார்க்கிறார். அதுவும் அவளுக்குத் தெரியாது. கடைசிக் காட்சியில் அப்பா, மகள், பரியன் மூவரும் இருக்கிறார்கள். நடந்தது என்ன என்று தெரியாத ஒரே ஆள் அந்தப் பெண்தான். ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளையின் வெள்ளை மனசு அழுக்காகாமல் இருப்பதற்கு, அந்த அழுக்கு முழுவதையும் சேரிப் பையன் தன் நெஞ்சில் சுமக்கிறான். அந்த மௌனத்தின் பாரத்தை யாரும் பாராட்டிச் சொல்லவில்லை. அவன் சுமக்கிறான் என்பதே கைதட்டியவர்கள் கண்ணில் படவில்லை.

அந்த அப்பாவிடம் பரியன், போனது போகட்டும் என்று சொல்லவில்லை. நீங்கள் இப்படியே இருக்கும்வரை, நான் நாயாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்வரை எதுவும் மாறாது என்ற பொருளில்தான் சொல்கிறான். இது மன்னிப்பு இல்லை, குற்றப்பத்திரிகை. அப்பா அதை மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. பிறகு பார்க்கலாம் என்கிற மாதிரி நகர்கிறார். கடைசியில் ரெண்டு டீ டம்ளர், நடுவில் ஒரு பூ. கைதட்டியவர்கள் பூவைப் பார்த்தார்கள். நாம் டம்ளரை எண்ணினோம். ரெண்டு.

அந்தப் படத்தில் இல்லாத ஒரு காட்சி உண்டு. அப்பா மகளைக் கூப்பிட்டு, இந்தப் பையனை நம் வீட்டில் இன்னது செய்தோம், நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொல்லும் காட்சி. அதை மாரி செல்வராஜ் எடுக்க மறந்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். நம் சமூகத்தில் அது நடக்கவில்லை, அதனால் படத்திலும் இல்லை. அதுதான் நம் உண்மை ஆணையம். அது தாலுகா ஆபீசில் கூடாது. ஒவ்வொரு ஆதிக்க சாதி வீட்டின் கூடத்தில், சோற்றுத் தட்டின் முன்னால், அப்பன் பிள்ளையிடம் சொல்லிக் கூட வேண்டும்.

*

எனவே எங்களிடம் மன்னிப்புக் கேட்டு வருபவர்களுக்கு வரிசையைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் உண்மை. யார், யாரை, ஏன், யார் சொல்லி. எதிர்வழக்கு இல்லாமல், இரு தரப்பு மோதல் என்ற செய்தித்தாள் மொழி இல்லாமல்.

அடுத்து நீதி. வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன், பரோல், விடுதலை எல்லாவற்றிலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்கிறது. 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம். அந்த நெறி முன்விடுதலைக் கோப்புகளுக்கும் நீள வேண்டும். தலைவர்களின் நூற்றாண்டுகள் இன்னும் நிறைய வர இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மேலவளவுத் தாய் எழுந்து நின்று கேள்வி கேட்க ஒரு நாற்காலியும் மைக்கும் போடட்டும்.

மூன்றாவது, எடுத்ததைத் திருப்பித் தருவது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையால் நமக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். நிலத்தை வைத்துக்கொண்டு கேட்கும் மன்னிப்பு, திருடின மாட்டின் மேல் உட்கார்ந்து கேட்கும் மன்னிப்பு. தென்னாப்பிரிக்கா அந்த மாட்டை விட்டுவிட்டு மன்னித்தது. அந்தத் தவறை நாம் அவர்களிடமிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

இந்த மூன்றும் முடிந்த பிறகு மன்னிப்புக் கேளுங்கள். அப்போதும் கொடுப்பதா வேண்டாமா என்பது அடிபட்டவரின் விருப்பம். கொடுத்தால் அது அவருடைய பெருமை. கொடுக்காவிட்டால் அவரை வன்மம் பிடித்தவர் என்று யாரும் ஏசக் கூடாது. மன்னிக்க மறுக்கும் உரிமை இல்லாதவனிடம் வாங்கும் மன்னிப்பு, அடிமையிடம் வாங்கும் கும்பிடு.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்று. மாரி செல்வராஜின் பரியனைப் போலப் படியுங்கள், பேசுங்கள், எதிரில் உட்காருங்கள். ஆனால் அவன் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லிவிடுங்கள். நமக்கு நடந்ததை நாமே மறைத்து அவர்கள் நிம்மதியாகத் தூங்க உதவ வேண்டாம். காயத்தின் மேல் சந்தனம் பூசினால் மணக்கும். ஆறாது.